பொருக்குச் சிரங்கு: அறிதலும் தீர்த்தலும்

ஈழத்திற்கு இயற்கை அளித்த பெருங்கொடைகளுள் ஒன்று திருக்கோணமலைத் துறைமுகம். ஆழமும் அகலமும் அமைந்து, குன்றுகள் அரண்செய்ய, எக்காலத்தும் கப்பல்கள் தங்குதற்கேற்ற அமைதியுடன் விளங்கும் அத்துறையை நாடிப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அடுத்தடுத்து வந்தனர். கப்பல்கள் பண்டங்களை மட்டும் ஏற்றி வருவதில்லை; மனிதரையும் ஏற்றி வருகின்றன. மனிதர் வருமிடத்து அவர்தம் நோய்களும் உடன் வருகின்றன. துறைமுகங்களைப் பற்றிய நூல்கள் கொள்ளைநோயையும் வாந்திபேதியையும் அம்மையையும் விரித்துரைக்கும். ஆயின், கப்பலின் கீழ்த்தட்டிலும் படைவீரர் கூடாரத்திலும் தொழிலாளர் குடியிருப்பிலும் என்றும் நீங்காதிருந்த ஒரு நோயை அவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அதுவே சிரங்கு.

சிரங்கு என்றவுடன் எவர் மனத்திலும் எழுவது சொறிவு. இரவில் உறக்கமின்றி விரலிடுக்கைச் சொறியும் சிறுவனின் தோற்றம் நம் நாட்டில் யாவருக்கும் பழக்கமானது. ஆயினும், இதே நோய் உடல் வலி குன்றியோரிடத்து வேறொரு வடிவம் கொள்ளும். ஆங்கு நமைச்சல் குறைந்துவிடும். சில வேளைகளில் முற்றாகவே அற்றுப்போகும். நமைச்சல் இன்மையால் நோய் சிரங்கென்று உணரப்படுவதில்லை. உணரப்படாமையால் அது வளர்ந்து, நோயாளியின் உயிருக்கே ஊறு செய்வதோடு, அவரைப் பேணுவோர் அனைவரையும் பற்றிக்கொள்கின்றது. பொருக்குச் சிரங்கு எனப்படும் இந்நோயை அறியும் முறையும் தீர்க்கும் முறையும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

சிற்றுண்ணியின் வாழ்க்கை

சிரங்கை விளைப்பது ஒரு சிற்றுண்ணி. பெண்ணுண்ணியின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் மூன்று அல்லது நான்கு பங்கு. கூரிய கண்ணுடையார்க்கும் அது ஒரு வெண்புள்ளியாக மட்டுமே தோன்றும். இத்தாலி நாட்டவரான பொனோமோ என்னும் வைத்தியரும் செசுத்தோனி என்னும் மருந்தாளரும் 1687 இல் அதனை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்து, சிரங்குக்குக் காரணம் இதுவே என வெளியிட்டனர். கெட்ட இரத்தமே சிரங்காய் வெடிக்கின்றது என்று கருதிய அக்காலத்து வைத்தியர் அவ்வுண்மையை எளிதில் ஏற்றாரல்லர். கண்ணுக்குப் புலனாகாத ஓர் உயிரே குறித்த ஒரு நோய்க்குக் காரணமாகும் என்பதை முதன்முதலாக எடுத்துக்காட்டிய ஆராய்ச்சிகளுள் அதுவும் ஒன்றாகும்.

பெண்ணுண்ணி தோலின் மேற்படையைக் குடைந்து சிறு சுரங்கம் அமைத்து, அதனுள் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இட்டுச் செல்லும். மூன்று நான்கு நாட்களில் முட்டைகள் பொரிக்கும். ஏறக்குறைய இரு வாரங்களில் குஞ்சுகள் முதிர்ச்சியடையும். தாய் நான்கு முதல் ஆறு வாரம் வரை உயிர்வாழும். இக்கணக்கின்படி உண்ணிகள் அளவின்றிப் பெருக வேண்டும். ஆயின் உடல்நலமுடைய ஒருவரிடத்து அவை அவ்வாறு பெருகுவதில்லை.

இதனை எண்ணிக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு விலங்கியலறிஞர் கென்னத் மெல்லன்பி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படையினரிடையே சிரங்கு பெருகிற்று. திருக்கோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கி, 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானியரின் வான்தாக்குதலுக்கு இலக்கான காலமும் அதுவே. போரிற் சேர மனச்சான்று இடங்கொடாத இளைஞர் சிலர் ஆராய்ச்சிக்குத் தாமாகவே முன்வர, செவ்வீல்டு நகரில் மெல்லன்பி அவர்களிடத்துச் சிரங்கு பரவும் வகையை ஆராய்ந்தார். சிரங்கு பற்றிய படைவீரரின் உடலில் உள்ள பெண்ணுண்ணிகளையும் அவர் எண்ணினார். உடல் முழுவதும் சொறிந்து வருந்தும் ஒருவரிடத்து உள்ள முதிர்ந்த பெண்ணுண்ணிகள் சராசரியாகப் பதினொன்று மட்டுமே எனக் கண்டார். பாதிக்கு மேற்பட்டோரிடத்து ஐந்தோ அதனிலும் குறைவோ இருந்தன. படுக்கையினாலும் உடையினாலும் சாதாரணச் சிரங்கு பரவுதல் அரிது என்பதையும், உடலோடு உடல் நெடுநேரம் பொருந்துதலே பரவுதற்குத் தலையாய வழி என்பதையும் அவர் ஆராய்ச்சி புலப்படுத்திற்று.

பதினோர் உண்ணிகள் இத்துணைப் பெருந்துன்பம் விளைப்பது எங்ஙனம்? துன்பம் உண்ணியின் கடியால் நேரே விளைவதன்று. உண்ணியின் உமிழ்நீரையும் கழிவையும் முட்டையையும் அயற்பொருளென உணர்ந்து உடல் எதிர்த்து எழுகின்றது. அவ்வெழுச்சியே நமைச்சலாக வெளிப்படுகின்றது. ஆதலினாலேயே முதன்முறை சிரங்கு பற்றியவர்க்கு நமைச்சல் தோன்ற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். முன்னொருமுறை பற்றியவர்க்கோ ஓரிரு நாட்களிலேயே தோன்றிவிடும். சொறியும் நகம் சுரங்கங்களைச் சிதைத்து உண்ணிகளை அகற்றுகின்றது. நமைச்சல் உடலின் எச்சரிக்கை. சொறிதல் உடலின் காவல். இவ்விரண்டும் இயங்குமிடத்தே உண்ணியின் தொகை அடங்கி நிற்கின்றது. இவற்றுள் ஒன்று தவறினும் நிலைமை மாறுபடும்.

நமைச்சல் அடங்கிய சிரங்கு

1848 இல் நோர்வே நாட்டு வைத்தியர்களான தானியல்சென், பெக் என்னும் இருவர் தொழுநோயாளரிடையே ஒரு புதுமையைக் கண்டனர். சிலருடைய கை கால்களில் மரப்பட்டை போன்ற தடித்த பொருக்குகள் படர்ந்திருந்தன. அப்பொருக்குகளை ஆராய்ந்தபோது அவற்றினுள் சிரங்குச் சிற்றுண்ணிகள் எண்ணிறந்தனவாய் மொய்த்திருக்கக் கண்டனர். வியன்னா நகரத்துத் தோல்நோய் அறிஞர் எபிரா 1862 இல் இதற்கு நோர்வேச் சிரங்கு எனப் பெயரிட்டார். இந்நோய் நோர்வேக்கே உரியதன்று ஆதலின், பொருக்குச் சிரங்கு என்னும் பெயரே இக்காலத்து வழங்குகின்றது. உண்ணி வேறன்று, சாதாரணச் சிரங்கின் உண்ணியே இதற்கும் காரணம். வேறுபட்டது அதனை ஏற்ற உடலின் நிலை மட்டுமே. சாதாரண நோயாளியிடத்துப் பத்துப் பதினைந்தாக நிற்கும் உண்ணிகள் இங்கே ஆயிரமாய், சிலரிடத்து இலட்சமாய்ப் பெருகுகின்றன.

இந்நோய் முதலில் தொழுநோயாளரிடத்துக் காணப்பட்டதற்குக் காரணம் எளிதில் விளங்கும். தொழுநோய் நரம்புகளை நலிவித்து உணர்ச்சியைப் போக்குகின்றது, விரல்களையும் முடக்குகின்றது. நமைச்சலை உணராதவர் சொறியார். உணர்ந்தாலும் முடங்கிய விரல்களாற் சொறிதல் இயலாது. இது கிழக்கு மாகாணத்தாருக்கு அயலான செய்தியன்று. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைந்தமை யாவரும் அறிந்ததே. 1983 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை கைக்கொள்ளப்பட்டதன் பயனாய், 1995 இல் இலங்கை தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையினின்று நீக்கிற்று. எனினும் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். பழைய நோயினால் உணர்ச்சி இழந்த கைகளும் மீள்வதில்லை.

எனினும், இக்காலத்தில் பொருக்குச் சிரங்குக்கு ஆளாகக்கூடியோர் தொழுநோயாளர் மட்டுமல்லர். உடலின் எதிர்ப்பாற்றலாகிய நிர்ப்பீடனம் குன்றிய எவரும் இதற்கு இலக்காகலாம். நிர்ப்பீடனக் குறைவு என்றவுடன் எயிட்ஸ் நோயையே பலர் நினைப்பர். அந்நோயாளர் இதற்கு எளிதில் ஆளாவர் என்பது உண்மையே. ஆயின் இலங்கையில் அந்நோய் மிக அருகியே காணப்படுகின்றது. திருக்கோணமலை மாவட்டத்தில் எதிர்ப்பாற்றல் குன்றியோரைத் தேடுவோர் வேறிடங்களிலே தேட வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, அதனை உடல் விலக்காதிருக்க நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் உளர். வடமத்திய மாகாணத்தில் பரவிய, காரணம் துணியப்படாத சிறுநீரக நோய், எல்லை கடந்து இம்மாவட்டத்துப் பதவி சிறிபுரப் பகுதியையும் தொட்டிருத்தல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மூட்டுவாதத்திற்கும் இழுப்புக்கும் ஸ்டீரொயிட்டு மருந்தை நெடுங்காலம் உட்கொள்வோர் உளர். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், போசாக்குக் குன்றியோர், பக்கவாதத்தினாற் கை வழங்காதோர், மறதிநோயால் தம் துன்பத்தைச் சொல்லவியலாத முதியோர் ஆகியோரும் இவ்வரிசையைச் சேர்ந்தவரே.

இவருள் எவருமல்லாதாரும் இந்நோய்க்கு விலக்கல்லர். அவுத்திரேலியாவின் வடபாகத்துத் தார்வின் நகர வைத்தியசாலையில் பத்தாண்டுக் காலத்தில் ஆராயப்பட்ட எழுபத்தெட்டு நோயாளரைப் பற்றிய அறிக்கை 2005 இல் வெளிவந்தது. அவருள் பத்தில் நால்வருக்கு எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் காரணம் எதுவும் புலப்படவில்லை. ஆதலின் காரணம் தெரியவில்லை என்பது கொண்டு நோயை இல்லையெனத் தள்ளுதல் பொருந்தாது.

வாழிடத்தின் நெருக்கமும் எண்ணத்தக்கது. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய கரையோர ஊர்களைத் தாக்கிப் பல்லாயிரவரை இடம்பெயரச் செய்தது. 2006 இல் மூண்ட போரினாற் சம்பூர் மக்கள் ஊரிழந்தனர். அவருட் பலர் கிளிவெட்டி முதலிய இடங்களிலிருந்த முகாம்களில் ஏறக்குறைய பத்தாண்டுகள் தங்கினர். ஒரு கூரையின்கீழ் ஒரு பாயிற் பலர் படுக்கும் வாழ்க்கை, தோலோடு தோல் பொருந்துதலையே வழியாகக் கொண்ட நோய்க்கு எத்துணை இடமளிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். அத்தகைய இடத்தில் சாதாரணச் சிரங்குடையார் பதின்மர் இருப்பதிலும் பொருக்குச் சிரங்குடையார் ஒருவர் இருப்பது பேரிடராகும். அவர் உடலினின்று உதிரும் ஒவ்வொரு செதிலும் உண்ணிகளைச் சுமந்து செல்கின்றது. படுக்கையும் ஆடையும் பெரிதும் நோய் பரப்பா என மெல்லன்பி கண்ட முடிபு இந்நோயாளருக்குப் பொருந்தாது.

நோயை அறிதல்

பொருக்குச் சிரங்கின் புறத்தோற்றம் பின்வருமாறு: கை, கால், முழங்கை, முழந்தாள், பிட்டம் ஆகிய இடங்களில் சாம்பல் நிறமோ மஞ்சள் நிறமோ கொண்ட பொருக்குகள் தடித்துப் படரும். நகங்கள் பருத்து, நிறம் மாறி, அடியிற் செதிலடைந்து காணப்படும். வளர்ந்தோர்க்கு உண்டாகும் சாதாரணச் சிரங்கு முகத்தையும் தலையையும் பெரும்பாலும் தொடுவதில்லை. பொருக்குச் சிரங்கோ தலையையும் செவிகளையும் முகத்தையும் விட்டுவைப்பதில்லை. பொருக்குகளிடையே வெடிப்புகள் ஆழமாக ஓடும். ஒரே ஓரிடத்தில், ஒரு கையிலோ சில நகங்களிலோ மட்டும் நோய் ஒதுங்கி நிற்பதும் உண்டு.

இத்தோற்றம் வேறு பல நோய்களை ஒத்திருப்பதே இடர்ப்பாடு. சோரியாசிஸ் என்னும் செதிற்படை, கரப்பான், நகத்தைப் பற்றும் பங்கசு நோய், மருந்து ஒவ்வாமையால் எழும் தோலழற்சி ஆகியவற்றுள் ஒன்றெனவே இது முதலிற் கருதப்படுகின்றது. அக்கருத்தின்படி ஸ்டீரொயிட்டுக் களிம்பு பூசப்படுமாயின் செம்மை தணியும். எஞ்சியிருந்த நமைச்சலும் அடங்கும். நோயாளி குணமடைவதாகத் தோன்றும். உள்ளே உண்ணிகள் தடையின்றிப் பெருகும்.

மூதூர்ப் பக்கத்து முதியவர் ஒருவரை உதாரணமாக எண்ணிப் பார்க்கலாம். மூட்டுவாதத்திற்குப் பல ஆண்டுகளாக ஸ்டீரொயிட்டு மருந்து உட்கொள்பவர் அவர். கைகளிற் செதில் தோன்றுகின்றது. அவர் சொறிவதில்லை, ஆதலின் எவரும் சிரங்கென நினைப்பதில்லை. தோல் வறட்சியென்று எண்ணெய் பூசுகின்றனர். பின்னர் கடையில் வாங்கிய களிம்பைப் பூசுகின்றனர். இரு மாதத்தில் செதில் பொருக்காகின்றது. அவரை நீராட்டும் மகளின் விரலிடுக்கில் நமைச்சல் எழுகின்றது. அவர் மடியில் உறங்கும் பேரன் இரவெல்லாம் சொறிந்து புண்ணாக்கிக் கொள்கின்றான். பேரனைச் சிரங்கென்று வைத்தியரிடம் கொண்டுசெல்கின்றனர், மருந்து பெறுகின்றனர், குணமாகின்றது, மூன்று வாரத்தில் மீண்டும் தோன்றுகின்றது. வீட்டார் பள்ளிக்கூடத்தைக் குறை கூறுகின்றனர். வீட்டு மூலையிற் சொறியாது அமர்ந்திருப்பவரை எவரும் நோக்குவதில்லை. இந்நிலையில் வைத்தியர் நோயறிவதற்குச் சிறந்த கருவி ஒரு வினாவே: ‘வீட்டில் வேறு யார்க்கேனும் தோலிற் குறை உண்டா?’

ஐயம் தோன்றியபின் நோயை உறுதிசெய்தல் எளிது. மழுங்கிய கத்தியினாற் பொருக்கைச் சிறிது சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலோ கனிய எண்ணெயோ ஒரு துளி இட்டு, நுணுக்குக்காட்டியில் நோக்கினால் போதும். சாதாரணச் சிரங்கில் உடல் முழுவதும் பதினோர் உண்ணிகளே இருப்பதால், சுரண்டிய இடத்தில் ஒன்று அகப்படுதல் அரிது. பொருக்குச் சிரங்கிலோ உண்ணிகளும் முட்டைகளும் கழிவுகளும் கூட்டமாகவே தென்படும். கைக்கு அடக்கமான தோல்நோக்கு ஆடியினால் உற்றுநோக்கின், சுரங்கத்தின் நுனியில் உண்ணியின் முன்பாகம் கருநிற முக்கோணமாகத் தோன்றும். இதன்கண் ஒரு முரண் அமைந்துள்ளது. சிரங்கு வகைகளுள் மிகக் கொடியதாகிய இதுவே நுணுக்குக்காட்டிக்கு மிக எளிதில் அகப்படுவது. அரியது காணுதலன்று, காண வேண்டும் என்று எண்ணுதலே.

இரத்தப் பரிசோதனையில் இயோசின் நாடும் வெண்கலங்களும், இம்யூனோகுளோபியூலின் ஈ என்னும் பிறபொருளெதிரியும் மிகுந்திருத்தல் துணைச்சான்றாகும். உடல் எதிர்ப்பின்றிக் கிடக்கவில்லை. எதிர்ப்பு மிகுந்தும் பயன்படாத வழியிற் செல்கின்றது என்பதையே இது உணர்த்துகின்றது. நோய் உறுதியானபின், எதிர்ப்பாற்றல் குன்றியதன் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். நீரிழிவு, தொழுநோய், எயிட்ஸ் கிருமி, குருதிப்புற்று, உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய யாவும் நோக்கத்தக்கன. சிலரிடத்து, மறைந்திருந்த பெருநோய் ஒன்றைப் பொருக்குச் சிரங்கே முதலில் அறிவிக்கும்.

இந்நோய் உயிருக்கு ஊறு செய்வது உண்ணியால் நேரே அன்று. வெடிப்புகளின் வழியே பற்றீரியாக்கள் புகுந்து குருதியை அடைகின்றன. எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் அக்குருதி நஞ்சேற்றமே மரணத்திற்குப் பெரும்பான்மைக் காரணம். காய்ச்சல், தளர்ச்சி, மயக்கம் தோன்றின் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. சாதாரணச் சிரங்கும் இவ்வகையில் எளியதன்று. சொறிந்த புண்ணில் திரெத்தொக்கொக்கசுக் கிருமி சேருமாயின், சில வாரங்களின் பின் சிறுநீரக அழற்சி தோன்றலாம். உதாரணத்திற் கூறிய பேரனின் முகம் ஒருநாட் காலையில் அதைத்துத் தோன்றுமாயின், அதன் வேர் பாட்டனாரின் பொருக்கில் இருத்தல் கூடும்.

நோயைத் தீர்த்தல்

முற்காலத்திற் கந்தகக் களிம்பும், இரண்டாம் உலகப்போர்க் காலந்தொட்டு பென்சையில் பென்சோயேற்றும், பின்னர் பெர்மெத்திரின் களிம்பும் சிரங்கைத் தீர்த்து வந்தன. இவை யாவும் மேலே பூசப்படுவன. பொருக்குச் சிரங்கிற் பூசும் மருந்து மட்டும் போதாது. தடித்த பொருக்கினுள் அது ஊடுருவாமையே காரணம். இக்குறையை நீக்கியது ஐவர்மெக்டின் என்னும் உட்கொள்ளும் மருந்து. யப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஓமுரா சத்தோசி என்பாரும் வில்லியம் கம்பெல் என்பாரும் கண்டறிந்த பொருளின் வழிவந்த இம்மருந்து, அவ்விருவருக்கும் 2015 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. சிரங்கிற்குரிய இன்றியமையா மருந்துகளுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் இதனை 2019 இற் சேர்த்துக்கொண்டது.

ஐவர்மெக்டினின் அளவு, ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு 200 மைக்கிரோகிராம். அறுபது கிலோகிராம் நிறையுடையார்க்கு ஒரு வேளைக்கு 12 மில்லிகிராம் ஆகும். உணவுடன் உட்கொள்ளின் உடலில் நன்கு சேரும். இம்மருந்து உண்ணியைக் கொல்லும், முட்டையை அழிக்காது. ஆதலின் முட்டை பொரித்து வருங்காலம் அறிந்து மீண்டும் மீண்டும் கொடுத்தல் வேண்டும். தார்வின் வைத்தியர் நோயை மூன்று படிகளாக வகுத்தனர். இலேசான நோய்க்கு 1, 2, 8 ஆம் நாட்களிலும், நடுத்தர நோய்க்கு 1, 2, 8, 9, 15 ஆம் நாட்களிலும், கடுமையான நோய்க்கு இவற்றோடு 22, 29 ஆம் நாட்களிலும் கொடுப்பது அவர்தம் முறை. இரண்டு வேளை மருந்தோடு நிறுத்திவிடுதல் சாதாரணச் சிரங்கிற்குப் பொருந்தும். பொருக்குச் சிரங்கிற் பொருந்தாது. கருவுற்ற மகளிர்க்கும் பதினைந்து கிலோகிராம் நிறைக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இம்மருந்து பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை. அவர்க்குப் பூசும் மருந்தே உரியது.

உள்மருந்தோடு வெளிமருந்தும் உடன்செல்ல வேண்டும். ஐந்து வீதப் பெர்மெத்திரின் களிம்பையோ இருபத்தைந்து வீதப் பென்சையில் பென்சோயேற்றையோ தலை முதல் உள்ளங்கால் வரை, செவிப்புறமும் நகத்தடியும் விடாது, கண்ணும் வாயும் தவிர்த்துப் பூசுதல் வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் நாள்தோறுமோ ஒன்றுவிட்ட நாளிலோ, பின்னர் வாரத்திற்கு இருமுறையோ பூசுவர். பொருக்கைக் கரைத்தற்குச் சலிசிலிக்கமிலமோ யூரியாவோ சேர்ந்த களிம்பு இடைநாட்களிற் பயன்படும். வெந்நீரில் ஊறவைத்து மென்மையாகப் பொருக்கை அகற்றலும், நகங்களை ஒட்ட வெட்டி அடியைத் தூரிகையாற் சுத்தம் செய்தலும் மருந்துக்கு இணையான பயன் தருவன. பொருக்கு நிற்குமட்டும் உண்ணிக்கு அரண் நிற்கும்.

மூன்றாவது கடமை சுற்றத்தாரைப் பற்றியது. ஒரு வீட்டில் உள்ளார் அனைவரும், நமைச்சல் உள்ளவராயினும் இல்லாதவராயினும், ஒரே நாளிற் சிகிச்சை பெறுதல் வேண்டும். நோய் தொற்றிய பின்னும் ஆறு வாரம் வரை நமைச்சல் தோன்றாதிருக்கலாம் என்பது முன்னர்க் கூறப்பட்டது. இன்று மகளுக்கும் அடுத்த வாரம் பேரனுக்கும் மருந்திடுதல் ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பதை ஒக்கும். வைத்தியசாலையாயின் நோயாளியைத் தனியறையில் இருத்தி, தொடுவோர் கையுறையும் மேலாடையும் அணிந்து, நோய் அறியப்படுமுன் அவரைத் தொட்ட தாதியர், ஊழியர், அயற்கட்டில் நோயாளர் அனைவரையும் தேடிச் சிகிச்சையளித்தல் முறை.

நான்காவது கடமை உடையும் படுக்கையும் பற்றியது. 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பத்து நிமிடம் இருப்பின் உண்ணியும் முட்டையும் அழியும். சட்டை, சாரம், விரிப்பு, தலையணையுறை ஆகியவற்றைக் கொதிநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துதல் எவ்வீட்டிலும் இயலும். தோய்க்கவியலாதவற்றை ஒரு வாரம் பையிலிட்டு இறுகக் கட்டிவைத்தல் போதும். உணவின்றி உண்ணி இறந்துபடும். உதிர்ந்த செதில்களை நாள்தோறும் கூட்டி அகற்றல் வேண்டும்.

ஈண்டுச் சில எச்சரிக்கைகளும் உரியன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுதல் தமிழ் மக்களின் பழைய வழக்கம். 1992 இல் வெளிவந்த ஓர் ஆய்வு அக்கலவையைப் பூசிய 814 பேரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பதினைந்து நாட்களுக்குள் குணமடைந்தனர் என்றது. ஆயின் அது வேறொரு மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வன்று; அது கூறுவதும் சாதாரணச் சிரங்கைப் பற்றியே. பொருக்குச் சிரங்குடையாரை அதனால் ஆற்ற முயன்று நாட்களைப் போக்குதல் தீது. கால்நடைக்கென விற்கப்படும் ஐவர்மெக்டினை மனிதர் உட்கொள்ளுதல் அதனிலும் தீது. மருந்தை இடையில் நிறுத்துதலும் தவறு. பன்முறை ஐவர்மெக்டின் பெற்ற நோயாளரிடத்து அம்மருந்துக்கு அடங்காத உண்ணிகள் தோன்றியமை அவுத்திரேலியாவில் 2004 இல் பதிவாயிற்று. உண்ணிகள் இறந்தபின்னும் சில வாரம் நமைச்சல் நிலைத்தல் இயல்பு. அதுகொண்டு மருந்து பயன்படவில்லை எனத் துணிதலும் கூடாது. மீண்டும் சுரண்டிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். ஸ்டீரொயிட்டு உட்கொள்வோர் அதனைத் தாமே திடீரென நிறுத்துதல் உயிருக்கு ஊறாகும். மருந்தின் அளவை மாற்றுதல் வைத்தியருக்கு மட்டுமே உரியது.

சமுதாயத்தின் கடமை

நெருக்கமாக வாழும் மக்களிடையே ஒருவரை மட்டும் நோக்கும் வைத்தியம் நிலைத்த பயன் தருவதில்லை. பீஜித் தீவுகளில் நடைபெற்ற ஆய்வு இதற்குச் சான்று. ஆங்கு ஒரு பகுதி மக்கள் அனைவர்க்கும், நோயுள்ளார் இல்லார் என்னாது, ஐவர்மெக்டின் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கு 32 பேர் வரை பற்றியிருந்த சிரங்கு ஓராண்டில் இருவர் அளவிற்குக் குறைந்தது. நோயாளரையும் அவரைச் சார்ந்தோரையும் மட்டும் பார்த்த பகுதியிலோ 37 இலிருந்து 19 அளவிற்கே தணிந்தது. 2015 இல் இம்முடிபு வெளிவந்தது. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையிற் சேர்த்தது.

புறக்கணிப்பு என்னும் சொல் இந்நோய்க்கு இருவகையிற் பொருந்தும். அறிவுலகம் இதனை அற்பமென்று புறக்கணித்தது. ஊரார் இந்நோயாளரை அழுக்கரென்று புறக்கணித்தனர். இரண்டும் பிழை. நாள்தோறும் நீராடுவோரையும் சிற்றுண்ணி பற்றும். நீர் அதனைக் கொல்வதில்லை. சிரங்கு அழுக்கின் நோயன்று; நெருக்கத்தின் நோய். பொருக்குச் சிரங்கோ நெருக்கத்தோடு உடலின் இயலாமையும் சேர்ந்த நோய். நாணத்தால் மறைக்கப்படும் ஒவ்வொரு நோயாளியும் மேலும் பலர்க்கு ஊற்றாகின்றார். அவரை விலக்கி வைத்தாலும் நோய் நீங்குவதில்லை, நாட்கள் வீணாகின்றன.

இவ்வறிவு வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் ஒரு மாணவனின் சிரங்கு மருந்திட்டும் மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், அவன் வீட்டில் நோயுற்ற முதியோர் உளரோ என ஆசிரியர் வினவலாம். கிராமந்தோறும் செல்லும் பொதுச் சுகாதார பரிசோதகரும் குடும்ப நல உத்தியோகத்தரும் அம்மூலையை நோக்கலாம். பாட்டனாரின் கையிற் படரும் செதிலை முதுமையின் குறியென்று விடாது, மாணவன் அவரைத் திருக்கோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். சொறியும் கையை எவரும் காண்பர். சொறியவியலாத கையைத் தேடிக் காண்பதே இந்நோயை வெல்லும் வழி.